மறைந்த ஆலாவை மீட்ட நிழற்படம்

உயிர்மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தாகிவிடுகிறது. புள்ளியைக் கவனியாத மாணவன் சொல்லையே தவறாகப் படித்துவிடுவான். பறவைகளை இனம் பிரித்தறியும் துறையிலும் இத்தகைய சிறு அடையாளங்கள் உண்டு. அலகின் நுனியில் இருந்த ஒரு கறுப்பைக் காட்டிக்கொடுத்த நிழற்படத்தால், உலகினின்றும் அற்றுப்போயிருக்கலாம் என்று அஞ்சப்பட்ட ஒரு கடற்பறவை 2000ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதுவே சீனக் கொண்டை ஆலா.

ஆலா என்பது நீண்டு குறுகிய சிறகுகளும் கவைபட்ட வாலும் உடைய கடற்பறவை. வானில் வட்டமிட்டு, மீனைக் கண்டதும் நீரில் தலைகீழாகப் பாயும் இயல்பினது. அதன் வகைகள் பல. அவற்றுள் தலையில் கறுத்த கொண்டை உடையவை கொண்டை ஆலாக்கள் எனப்படும்.

சீனக் கொண்டை ஆலாவைப் பேர்ன்ஸ்டைன் என்பார் 1861இல் இந்தோனேசியாவின் ஹல்மஹெரா தீவில் பிடித்தார். 1863இல் ஷ்லேகல் என்னும் அறிஞர் அதனைத் தனி இனமாக விவரித்து, பேர்ன்ஸ்டைனின் பெயரையே அதன் அறிவியற் பெயரில் இட்டார். குளிர்காலத்தில் இப்பறவை சரவாக் கரைவரை வந்ததற்கும் பழைய பதிவு உண்டு. 1937இல் சீனாவின் ஷாண்டோங் கரையை அடுத்த சிறு தீவுகளில் 21 பறவைகள் கொல்லப்பட்டுப் பாடம் செய்யப்பட்டன. அதன் பின்னர் இதனைக் கண்டதாக அரிதாகச் சிலர் கூறினும், அது எங்கே முட்டையிடுகிறது என்பதை ஒருவரும் அறியவில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பறவை மனிதர் கண்ணுக்குத் தப்பியது எங்ஙனம்? தன்னைப் போன்றே தோன்றும் பெரிய கொண்டை ஆலாக்களின் நடுவே அது வாழ்வதே காரணம். பெரிய கொண்டை ஆலாவின் அலகு முழுதும் மஞ்சள். முதுகு அடர்ந்த சாம்பல் நிறம். சீனக் கொண்டை ஆலாவின் மஞ்சள் அலகிலோ நுனி கறுத்திருக்கும், முதுகு வெளிறியிருக்கும். ஆயிரக்கணக்கானவை ஒருங்கே எழுந்து கூச்சலிடும்போது இவ்வேற்றுமை கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

சீனாவின் ஃபுஜியான் கரைக்கு அண்மையில், தைவானின் ஆட்சிக்குட்பட்ட மாட்சூ தீவுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் லியாங் சியே தே என்னும் படப்பிடிப்பாளர் அங்கே ஆலாக் கூட்டங்களைப் படமெடுத்தார். படங்களை ஆராய்ந்தபோது, கூட்டத்தின் நடுவே சில பறவைகளின் அலகு நுனி கறுத்திருந்தது. நான்கு இணைகள் குஞ்சுகளோடு அங்கே வாழ்ந்திருந்தன. கண் தவறவிட்டதைப் படம் நிறுத்தி வைத்துக் காட்டியது.

முன்னாளில் ஓர் அரிய பறவைக்குச் சான்று வேண்டின் துப்பாக்கியே துணை. 1937இல் இறந்த 21 பறவைகள் அத்தகைய சான்றுகளே. 2000இல் கிடைத்த சான்றுக்கு ஓர் உயிரும் போகவில்லை. அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய ஆய்வில் நிழற்படம் செய்த பெருமாற்றம் இதுவே.

இத்தகைய படத்தை எடுப்பது எளிதன்று. ஆலா விரைந்து பறப்பது. ஆதலின் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே காமிராவின் கதவு திறந்து மூடவேண்டும். அலையில் ஆடும் படகில் முக்காலி பயன்படாது. கருவியைக் கையில் ஏந்தி, உடலின் அசைவால் படகின் அசைவை ஈடுசெய்தல் வேண்டும். ஒளியளவு சற்று மிகுந்தாலும் சாம்பல் முதுகு வெள்ளையாகத் தோன்றி, ஓரினம் மற்றோரினமாக மயங்கும். அதனால் ஒரே படத்தை நம்பாமல், பல கோணங்களில் தொடர்ந்து எடுத்து ஒப்பிடுவது தேர்ந்தோர் வழக்கம்.

ஆயினும் இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அதுவே பறவைக்கும் படமெடுப்போருக்கும் இடையே இருக்கவேண்டிய தொலைவு. கொண்டை ஆலா மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஆள் நெருங்கினால் கூட்டம் முழுதும் எழுந்துவிடும். சில நிமிடங்களில் வெயில் முட்டையைச் சுட்டுவிடலாம். கடற்காகங்கள் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்துவிடலாம். அச்சம் தொடர்ந்தால் பறவைகள் தீவையே கைவிடும். கொல்லாமல் சான்று தந்த கருவி, அருகில் கொண்டுசெல்லப்பட்டால் ஒரு தலைமுறையையே அழிக்க வல்லது. தலைக்கு மேலே பறக்கவிடும் டிரோனும் இத்தகையதே.

சீனாவின் ஜெஜியாங் கரையை ஒட்டிய ஜியூஷான் தீவுகளில் இப்பறவை முட்டையிடுவது 2004இல் அறியப்பட்டது. உணவுக்காக மனிதர் முட்டைகளை அள்ளிச் சென்றதால் அங்கும் அது நிலைக்கவில்லை. 2013இல் ஆய்வாளர் அத்தீவுகளுள் ஒன்றில் 300 பொம்மை ஆலாக்களை நிறுத்தி, பதிவுசெய்த ஆலாக் குரல்களைச் சூரிய ஒளி மின்சாரத்தால் ஒலிக்கச் செய்தனர். மெய்ப்பறவைகள் வந்து இறங்கின. ஏறத்தாழ 2,600 பெரிய கொண்டை ஆலாக்களின் நடுவே 19 சீனக் கொண்டை ஆலாக்கள் எண்ணப்பட்டன. குறைந்தது ஒரு குஞ்சேனும் வளர்ந்து பறந்தது. உலகில் ஐம்பதுக்கு மேல் இல்லை என்று அப்போது மதிக்கப்பட்ட இனத்துக்கு அந்த ஒரு குஞ்சும் பெருஞ்செல்வமே. 2016இல் தென்கொரியாவிலும் இவை முட்டையிடுவது தெரியவந்தது. இன்று தொகை நூற்றைக் கடந்துவிட்டது. எனினும் அச்சம் நீங்கவில்லை.

ஆதலின் அரிய கடற்பறவையைப் படமெடுப்போர்க்குச் சில நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. முட்டையிடும் தீவில் உரிய இசைவின்றிக் கால் வைத்தல் கூடாது. நெருங்கும் கால்களுக்குப் பதில் நெடுந்தொலைவு வில்லையைப் பயன்படுத்தவேண்டும். பறவைகள் கழுத்தை நீட்டிக் குரலெழுப்பத் தொடங்கினால் அப்போதே பின்வாங்கவேண்டும். அவை எழுந்து பறக்கும்வரை காத்திருத்தல் தவறு. கூடு அமைந்துள்ள இடத்தைப் படத்தோடு வெளியிடுதலும் ஆகாது. முட்டை திருடுவோர்க்கு அதுவே வழிகாட்டியாகிவிடும்.

மாட்சூவில் எடுத்த படம் ஓர் இனம் உயிரோடிருப்பதை உலகுக்கு அறிவித்தது. அதனைப் பார்த்து அங்கே செல்ல விழைவோர் அந்த நான்கு இணைகளையும் நினைத்துக்கொள்ளவேண்டும். படமெடுத்தவர் திரும்பிய பின்னரும் தாய்ப்பறவை முட்டையின்மேல் அமர்ந்திருந்தால்தான் அப்படத்துக்குப் பயன் உண்டு.