உங்களுக்குத் தெரியுமா? கேசினோ 'ஃப்ரீ' விருந்தின் கணக்கு

பம்மலில் இருந்து சென்னை விமான நிலையம் ஆட்டோவில் போகும் தூரம். அங்கிருந்து கோவாவோ கொழும்போ சுமார் ஒன்றரை மணி நேரம். "மச்சான், ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. நீ சும்மா கூட வா" என்று யாராவது கூப்பிட்டால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

● கேசினோ வட்டாரத்தில் அந்த இலவசத்துக்குப் பெயர் 'காம்ப்'. நண்பர் ஜெயித்தாரா, தோற்றாரா என்று பார்த்து அதைத் தருவதில்லை. எவ்வளவு கட்டினார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதுதான் கணக்கு. சக்கரம் சுழற்றும் ரூலெட் ஆட்டத்தில் சுற்றுக்கு 1,000 ரூபாய், மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம் என்று வையுங்கள். மேஜையில் ஓடிய பணம் 1,60,000 ரூபாய். ஒரே பூஜ்யம் உள்ள சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம், அதாவது 4,320 ரூபாய். இவரிடமிருந்து இவ்வளவு வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கும் தொகை அது. அதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் 1,440 ரூபாய். உங்கள் பிரியாணி வருவது அதிலிருந்துதான். சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருந்தால் கேசினோவின் பங்கு 5.26 சதவீதமாக ஏறிவிடும்.

● கூட வந்தவர் சாப்பிட்டதும் அழைத்தவரின் காம்ப் கணக்கில்தான் கழியும். நான்கு பேரை அழைத்து வந்தவர், நான்கு பேருக்கும் விருந்து தேற வேண்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இந்த ஒரு மணி நேரம்தான். மேலே சொன்ன கணக்கில் அதன் விலை 1,080 ரூபாய். கிடைக்கும் காம்ப் 360. நண்பர் மேல் அக்கறை இருந்தால், சாப்பாட்டுக்கு நீங்களே பணம் கொடுத்துவிட்டு அவரை எழுப்பிக் கூட்டி வாருங்கள்.

● அமெரிக்காவில் சில கேசினோக்கள் கணவன், மனைவி இருவர் கணக்கையும் இணைத்துக் காம்ப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள விடுகின்றன.

● ஹாராஸ் என்ற அமெரிக்க கேசினோ நிறுவனம் 1990-களின் இறுதியில், ஆடுவதைப் பதிவு செய்து இந்தப் புள்ளிகளைத் தரும் அட்டையைப் பெரிய தொழிலாகவே வளர்த்தது. அதை நடத்தியவர் ஹார்வர்டில் பாடம் நடத்திய கேரி லவ்மேன். அட்டைகளை அலசியபோது, 26 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து 82 சதவீத வருமானம் வருவது தெரிந்தது. அவர்கள் கோடீஸ்வரர்களா? இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இயந்திரத் தொழிலாளர்கள், வங்கி ஊழியர்கள். ரிட்டயர்மென்ட் பணம் கையில் இருக்கும் நம் தெருப் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

● பணஜியில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களின் நுழைவுச் சீட்டோடு பஃபேயும், பணத்துக்குப் பதிலாகக் கட்டி ஆடும் சில்லுகள் கொஞ்சமும் வரும். அந்தச் சில்லுகளில் ஒரு வகையை ஒரு முறை கட்டி ஆடத்தான் முடியும். கவுன்டரில் கொடுத்துப் பணமாக மாற்ற முடியாது.

● அதே கோவா, 2020 முதல் தன் மாநில மக்களைக் கேசினோவுக்குள் விடுவதில்லை. சிக்கிமும் 2016-ல் உள்ளூர்க்காரர்களைத் தடுத்தது. நேபாளத்திலும் நேபாளிகளுக்கு அனுமதி கிடையாது. சொந்த மக்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய விருந்துக்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

● தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டிலேயே சூதாட்டச் சட்டம் வந்துவிட்டது. லாட்டரியும் 2003-ல் போயிற்று.

● கொழும்பில் 2025 ஆகஸ்டில் 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற கேசினோ விடுதி திறக்கப்பட்டது. கேசினோவை நடத்துவது மக்காவு நகரில் பெயர் பெற்ற மெல்கோ நிறுவனம்.

● ஜெயித்தால்? இந்தியாவில் அந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி, செஸ் தனி. தோற்ற பணத்தை அதில் கழிக்கவே முடியாது.

● சிங்கப்பூரில் கேசினோவே நினைத்தாலும் இலவசமாக்க முடியாத ஒன்று உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டும் நுழைவுக் கட்டணம் அது. 2010-ல் 100 வெள்ளி. 2019 முதல் நாளுக்கு 150 வெள்ளி. அதைக் கேசினோ திருப்பித் தருவதைச் சட்டமே தடுக்கிறது. குடும்பத்தில் ஒருவரின் சூதாட்டம் வீட்டைப் பாதித்தால், மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ விண்ணப்பித்து அவரைக் கேசினோவுக்குள் நுழையவிடாமல் தடை வாங்கலாம். அண்ணனோ மாமாவோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகள் நம் பகுதியில் நிறைய. இந்தத் தகவலை அவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.