பொம்மைப் படம்தானே என்று இருந்தேன்!

"சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டுப் போம்மா!"

போன வருஷம் ஜூன் மாதம் முழுக்க என் மகன் என்னிடம் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான். பிளஸ் டூவில் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. அவன் அப்பா இரண்டு நாள் சத்தம் போட்டார், நான் இரண்டு நாள் அழுதேன். அதற்கப்புறம் பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகி விட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் கையில் செல்போன். அதில் முட்டைக் கண்ணும் முள் முள்ளாய்த் தலைமுடியுமாக யாரோ வாளைச் சுழற்றிக் கொண்டிருப்பார்கள்.

"கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?" என்று ஒருநாள் போனைப் பிடுங்கிக் கொண்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அன்று என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, அப்படி என்னதான் இருக்கு, எனக்கும் காட்டு" என்று கட்டிலில் உட்கார்ந்தேன். வேண்டாவெறுப்பாக நகர்ந்து இடம் கொடுத்தான்.

ஜப்பானில் இவற்றை 'அனிமே' என்கிறார்கள். பெரும்பாலானவை முதலில் வாரப் பத்திரிகையிலோ மாதப் பத்திரிகையிலோ படக்கதைத் தொடராக வந்தவை. அந்தப் படக்கதைக்கு 'மாங்கா' என்று பெயராம். "ஊறுகாய் போடற மாங்காவாடா?" என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1993-ல், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஜங்கிள் புக்' வருமே, நினைவிருக்கிறதா? இந்தி ஒரு அட்சரம் புரியாவிட்டாலும் எண்ணெய்த் தலையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். அது இங்கிலீஷ்காரர் எழுதிய கதையை வைத்து ஜப்பான்காரர்கள் 1989-ல் எடுத்த தொடர் என்று என் மகன் சொல்லித்தான் தெரியும். ஆக, கழுதை வயசு வரும் முன்பே நானும் அனிமே பார்த்தவள்தான்!

நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் தொடர் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. இரண்டு சின்னப் பையன்கள். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், அம்மா நோயில் இறந்துவிட்டாள். செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறார்கள் அந்தக் குழந்தைகள். ஒன்றைப் பெற வேண்டுமென்றால் அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வித்தையின் சட்டம். பெரியவனுக்கு ஒரு கால் போகிறது. சின்னவனுக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரையாவது நிறுத்திவைக்க அண்ணன் தன் கையையும் கொடுத்து, வெறும் இரும்புக் கவசத்தில் அவனைக் கட்டி வைக்கிறான். அம்மாவோ வரவில்லை. என்னவோ ஒன்று வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் என் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பார்த்துக் கொண்டிருந்தான்.

இந்தக் கதையை எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண்மணி. ஹொக்கைடோவில் மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்து ஏழு வருஷம் பண்ணையில் உழைத்தவர். ஆண் பெயர் போல ஒலிக்கிற புனைபெயர் வைத்துக்கொண்டு 2001 முதல் 2010 வரை மாதாமாதம் எழுதினார். நடுவில் 2007-ல் பிரசவம். அப்போதும் தொடரை நிறுத்தவில்லையாம். பச்சை உடம்புக்காரி எப்படித்தான் வரைந்தாளோ!

இதே கதைக்கு இரண்டு அனிமே உண்டு. 2003-ல் எடுத்தபோது படக்கதை பாதிகூட முடியவில்லை. அதனால் பாதிக்கு மேல் அவர்களாகவே கதையைக் கொண்டுபோய் 51 பகுதிகளில் முடித்தார்கள். 2009-ல் மூலக்கதையை ஒட்டி மறுபடி 64 பகுதிகள். என் மகன் கட்சி இரண்டாவது. "மூலத்துல இருக்கற மாதிரியே இருக்குல்ல?" என்பான். நானும் அவன் கட்சிதான், ஆனால் காரணம் வேறு. முதல் தொடரில் அந்தப் பிள்ளைகள் உருவாக்கிய ஜந்து, பெற்ற தாயின் முகத்தோடு எதிரியாய் வந்து நிற்கிறது. கதைக்கு அது பலம்தான், மறுக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. இரண்டாவதில் பெரியவன் ஒருநாள் புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கிறான். எலும்பின் அளவும் தலைமுடியின் நிறமும் வேறாக இருக்கின்றன. அது அம்மாவே இல்லை! அம்மாவை நாம் இரண்டாம் தடவை கொல்லவில்லை என்று அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நிம்மதி. கொலையும் கலகமும் நிறைந்த கதையில் இப்படியொரு ஆறுதலை வைக்க ஒரு பெண்ணுக்குத்தான் தோன்றும் என்பேன். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்கிறான் மகன். இருக்கட்டும்.

மூலக்கதை முடியும்வரை காத்திராவிட்டால் வரும் இன்னொரு கஷ்டம் 'நருடோ'வில் தெரிந்தது. 2002-ல் ஆரம்பித்த முதல் தொடர் 220 பகுதி. படக்கதையைத் துரத்திப் பிடித்துவிட்டதால் கடைசி எண்பது சொச்சமும் பெரும்பாலும் இட்டு நிரப்பியவை. விருந்தாளி கூடிவிட்டால் சாம்பாரில் வெந்நீர் விடுவோமே, அதேதான். நடுவில் எழுந்து போய் இட்லிக்கு அரைத்துவிட்டு வந்தாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

'டீமன் ஸ்லேயர்' அப்படியில்லை. மலையில் கரி விற்கும் பையன். ஒருநாள் வீடு திரும்பினால் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் பிணமாகக் கிடக்கிறார்கள். மிஞ்சிய ஒரே தங்கை அரக்கியாக மாறிவிட்டாள். அவளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு அலைகிறான். மூலப் படக்கதை 2016 முதல் 2020 வரை வந்தது. 2019-ல் வந்த அனிமேயின் பத்தொன்பதாவது பகுதியை அவசியம் பாருங்கள். புத்தகத்தில் சில பக்கங்களில் முடிகிற சண்டையை, பாட்டும் நெருப்புமாக விரித்திருக்கிறார்கள். புத்தகத்தையும் இவன் காட்டினான். மூலத்தைவிடப் படம் உசத்தி என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு இடத்தில்தான். ஆனால் ரத்தம் நிறையவே உண்டு. பத்து வயசுக் குழந்தையை உட்கார வைத்துவிடாதீர்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' இன்னும் மோசம். முதல் பகுதியிலேயே மகன் கண்ணெதிரில் தாயை அரக்கன் தின்கிறான். நான் எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

'சோலோ லெவலிங்' கொரியாக்காரர் கதை, தமிழிலேயே பேசுகிறார்கள். கீழே ஓடும் எழுத்தைப் படிக்க வேண்டாம், வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கும் தாய்க்காக உழைக்கும் பிள்ளை என்று ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. போகப்போக அடிதடிதான்.

என்னை அடியோடு அசைத்தது 'ஃப்ரீரென்'. 2020-ல் படக்கதையாய்த் தொடங்கி, 2023-ல் அனிமே ஆனது. மற்றக் கதைகள் அரக்கனைக் கொல்வதில் முடியும், இது கொன்ற பிறகு தொடங்குகிறது. ஃப்ரீரென் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்கிற மந்திரக்காரி. தோழர்களோடு பத்து வருஷம் பயணம் செய்தவள். அவளுக்குப் பத்து வருஷம் நமக்கு ஒரு கோடை விடுமுறை போல. ஐம்பது வருஷம் கழித்து வருகிறாள், தோழன் கிழவனாகி விட்டான். சில நாளில் இறந்தும் போகிறான். அடக்கத்தின்போதுதான் அழுகிறாள், இவனைப் பற்றி நான் தெரிந்துகொள்ளவே முயலவில்லையே என்று. பிறகு அவன் சிலையருகில் நட, அவன் ஊர்ப் பூ ஒன்றை ஆறு மாதம் தேடுகிறாள்.

என் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான இருபது வருஷத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை பிறந்தகம் போவேன். போனால் அடுக்களையில் அம்மாவோடு பேச்சு. அவர் திண்ணையில் பேப்பரோடு இருப்பார். "எப்ப வந்தே?", "எப்ப கிளம்பறே?" இந்த இரண்டு கேள்விதான். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் பம்பாயில் இருந்தார் என்று தெரியும். அங்கே என்ன செய்தார், யாரோடு இருந்தார், ஏன் திரும்பினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அம்மாவைக் கேட்டால், "யாருக்குத் தெரியும், அவர் எங்கே சொன்னார்" என்கிறாள்.

அன்று போனை அணைத்த பிறகு இதை என் மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, மார்க் வந்த அன்று ராத்திரி மொட்டை மாடியில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று அவனாகவே சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். விடிய விடிய பேசினோம். காலையில் அவரும் எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது அவன் வெளியூரில் டிப்ளமோ படிக்கிறான், ஹாஸ்டல் வாசம். 64 பகுதி ஃபுல்மெட்டலை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறோம். சனிக்கிழமை ராத்திரி அவன் அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் போகக்கூடாது என்று ஒப்பந்தம். போன வாரம் அவனுக்குப் பரீட்சை. நான் இரண்டு பகுதி பார்த்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.