குருவிக்கு வாடகைக்கு விட்ட வீடு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு காலத்தில் சில கடைவீடுகளைப் பார்த்ததுமே அடையாளம் காணலாம். கீழ்க்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். மாடிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். ஆள் நடமாட்டமே இருக்காது. ஆனாலும் உள்ளேயிருந்து ஓயாமல் கீச்சொலி வரும். பாதி நிஜப் பறவை, பாதி ஒலிபெருக்கி!

மலேசியாவின் வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியதும் பல குடும்பங்கள் வெளியேறின. காலியான வீடுகள் சிலவற்றில் வாலிட் குருவிகளைக் குடிவைத்தார்கள். நம்மூரில் உழவாரன் என்போமே, அந்தக் குடும்பம்தான். தன் எச்சிலையே இழையிழையாகச் சுவரில் ஒட்டிக் கூடு கட்டும். சீனர்களின் சூப்புக்குப் போவது அந்தக் கூடு; கிலோ ஆயிரக்கணக்கான ரிங்கிட்.

இது குகைப் பறவை. இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்து வழி அறியும். வௌவாலின் மீயொலி நமக்குக் கேட்காது. இதன் ஒலி கேட்கும். பூச்சி பிடிக்கும் அளவுக்கு அதில் நுட்பம் கிடையாது, சுவரில் மோதாமல் பறக்கப் போதும். இருட்டு, 28 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், 80 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் இதற்குத் திருப்தி. ஆகவே நீரைப் புகைபோல் தூவும் கருவி, கூடு ஒட்டுவதற்கு உத்தரப் பலகைகள், பழகிய வாசனைக்குத் தரையில் பறவை எச்சம், அழைப்பதற்கு ஒலிப்பதிவு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்டிருந்த முற்றம் குகைவாய் ஆயிற்று.

கெட்டிக்காரத்தனம்தான். அந்தமானில் குகைக் கூடுகளை அளவின்றிப் பறித்ததால் இந்தப் பறவை அருகியபோது, கோவை சலீம் அலி பறவையியல் மையமும் அதை வீட்டுக்குள் வளர்க்கத்தான் முயன்றது. வேறொரு உழவாரனின் கூட்டில் இதன் முட்டைகளை வைத்துப் பொரிக்கச் செய்தார்கள்.

ஆனால் ஜார்ஜ் டவுனின் வீடு வேறு மாதிரி. செங்கல் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிய அதன் சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் விட்டு உலர்ந்துகொண்டே இருக்க வேண்டும். காற்றை அடைத்து, ஆண்டு முழுக்க ஈரத்திலும் வைத்தால் சாந்து உதிரும், மர உத்தரம் உளுத்துப்போகும். போதாததற்கு, கடைவீடுகளுக்கு இடையில் இருப்பது ஒரே பொதுச் சுவர். கூட்டுப் பணம் ஒருவருக்கு. ஈரமும் இரைச்சலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாரம்பரிய வட்டாரத்துப் பறவை வீடுகள் 2013 இறுதிக்குள் அகல வேண்டும் என்று மாநில அரசு கெடு விதித்தது. உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், குருவிக்குக் கொடுக்க முடியாதே! கூடு கட்டிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும் பறவை அது.

இன்று மலேசியாவின் பல ஊர்களில் இதற்கென்றே தனிக் கட்டடங்கள் நிற்கின்றன. சன்னலில்லாத காங்கிரீட் சுவர். காற்றுக்குச் சில குழாய்த் துளைகள். குருவி நுழைய உச்சியில் ஒரு திறப்பு.