ஏரிகளைப் பற்றும் ஆகாயத்தாமரை

மழை நீரைத் தேக்கி வயலுக்கு அளிக்கும் ஏரிக்குப் பகைகள் மூன்று. மண் படிந்து தூர்ந்து போதல் ஒன்று, ஆக்கிரமிப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் விவசாயிகள் நன்கு அறிவர். மூன்றாவது பகையோ ஊதா நிறப் பூவுடன் கண்ணுக்கினியதாய் மிதந்து வருகிறது. வெங்காயத்தாமரை என்றும் சிலர் வழங்கும் ஆகாயத்தாமரையே அது.

இது நம் நாட்டுச் செடி அன்று. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியே இதன் தாயகம். பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. நாளடைவில் அங்குள்ள நீர்வழிகளை அடைத்து, படகுப் போக்குவரத்தையும் நெற்பயிரையும் கெடுத்தது. இதனை ஒழிப்பதற்கென்றே 1936-இல் அங்கு ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. 1937-இல் நடந்த தேர்தலில் கட்சிகள் இதனை ஒழிப்பதாக வாக்குறுதி அளித்தன. பரவிய பின் ஒழிப்பதற்கு எத்துணைப் பாடுபட வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இச்செடி இரு வழிகளில் பெருகுகிறது. தாய்ச் செடியிலிருந்து பக்கத் தண்டுகள் ஓடி, அவற்றின் நுனியில் புதுச் செடிகள் தோன்றுகின்றன. ஏற்ற சூழ்நிலையில் இரண்டு வாரங்களுக்குள் செடிகளின் தொகை இரட்டிப்பாகிவிடும். மற்றொரு வழி விதை. கோடையில் ஏரி வற்றினால் செடிகள் மடியும். ஆனால் சேற்றில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். மறுபடியும் நீர் வந்ததும் அவை முளைக்கும். ஆகவே, பூத்து விதை உதிர்ப்பதற்கு முன்னரே செடியை அகற்றுவது இன்றியமையாதது.

இதனால் விளையும் தீமைகள் பல. நீர்ப்பரப்பை மூடுவதால் வெயிலும் காற்றும் உட்புகாமல் மீன்கள் மடிகின்றன. இலைகளின் வழியே நீர் மிகுதியாக ஆவியாகின்றது. மதகில் செடி அடைத்துக் கொண்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. யாவற்றினும் பெரிய அபாயம் வெள்ள காலத்தில் நேர்வது. மிதக்கும் செடிகள் திரண்டு கலுங்கை அடைக்குமாயின், உபரி நீர் வெளியேற வழியின்றி நீர்மட்டம் உயர்ந்து, கரை உடையவும் கூடும்.

வந்தபின் எடுப்பதைக் காட்டிலும் வராமல் தடுப்பதே சிக்கனம். இதற்குப் பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை வருமாறு:

1. மேல் ஏரியிலிருந்து வரும் வரத்துக் கால்வாயின் வாயில் மூங்கிலும் கயிறும் கொண்டு மிதவைத் தடுப்பு அமைத்து, சேரும் செடிகளை அவ்வப்போது அகற்றுதல்.

2. வேறு ஏரியில் பயன்பட்ட வலையையும் பரிசலையும் கழுவிக் காயவைத்த பின்னரே இறக்க வேண்டும் என மீன் குத்தகையில் நிபந்தனை சேர்த்தல்.

3. ஊர்ச் சாக்கடை ஏரியில் கலவாதவாறு உறிஞ்சு குழிகள் அமைத்தல். கழிவு நீரிலுள்ள சத்துக்களே இச்செடிக்கு உரமாகின்றன.

4. மாதம் ஒருமுறை கரையைச் சுற்றிப் பார்த்து, ஒன்றிரண்டு செடிகள் தென்படும்போதே வேருடன் பிடுங்குதல்.

பிடுங்கிய செடியை நீர்பிடிப்பில் விட்டால் மீண்டும் தழைக்கும். ஆகையால் நீர் எட்டாத மேட்டில் குவித்து உலர்த்த வேண்டும். பின்னர் சாணத்துடன் சேர்த்து மட்கச் செய்தால் நல்ல எருவாகும். ஆனால் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியின் செடியில் நச்சு உலோகங்கள் சேர்ந்திருக்குமாதலால், அதனை எருவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தலாகாது. குடிநீருக்கும் கால்நடைக்கும் பயன்படும் ஏரியில் களைக்கொல்லி தெளிப்பதும் தகாது. இச்செடியைத் தின்னும் கூன்வண்டுகள் 1980-களில் பெங்களூரு ஏரிகளில் விடப்பட்டு நற்பலன் அளித்தன. எனினும் அவை மெதுவாகவே வேலை செய்பவை. ஆண்டுதோறும் வற்றும் ஏரியில் அவை நிலைத்திருப்பது அரிது.

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பராமரிப்பில் உள்ளன. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. ஏரி எவருடைய பொறுப்பில் இருப்பினும், முதற்செடியைக் காண்பவர் அவ்வூர் விவசாயியே. ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி ஏரியைப் பழுதுபார்த்த குடிமராமத்து முறை நமக்குப் புதிதன்று. 2017-இல் அதே பெயரில் அரசும் பணிகளைத் தொடங்கிற்று. கிராம சபையில் இதனை விவாதித்து, கண்காணிக்கும் பொறுப்பை முறை வைத்துப் பகிர்ந்து கொள்வோமாயின், இன்று நான்கு பேர் அரை நாளில் முடிக்கும் வேலை, நாளை ஊரே திரண்டாலும் முடியாத வேலையாக வளராமல் காக்கலாம்.