கிரியை என்னும் சொல்

பண்டித வகுப்பிலே, கொஸ்லந்தப் பகுதியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் என்னை மடக்கினார். "ஐயா, சைவ நாற்பாதங்களுள் கிரியை என்றால் பூசை. எங்கள் வீடுகளில் இறந்தார்க்குச் செய்யும் கடனே கிரியை. கிறித்தவர் விசுவாசத்தோடு சேர்த்துச் சொல்லும் கிரியை எது?"

நற்செயல் என்று அகராதி விடையிறுத்துவிடும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் விசுவாசத்தை நம்பிக்கை என்றும் கிரியையைச் செயல் என்றும் மாற்றியது. தமிழாக்கம் எனக்கு உவப்பே. ஆயினும் பழைய சொல்லின் கனம் புதியதற்கு வரவில்லை.

வழக்கு மிகப் பழையது. நீதிமானாவதற்கு விசுவாசமே வழி, நியாயப்பிரமாணக் கிரியைகளல்ல என்றார் பவுலடிகள். கிரியையைப் பிரிந்த விசுவாசத்தை உயிர் நீங்கிய உடலாகவே கண்டார் யாக்கோபு. மார்ட்டின் லூதர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். லூத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரிலே கூடி, நீதிமானாதல் அருளால் நிகழ்வது, நற்கிரியை அதன் கனி என்று ஒப்பமிட்டனர். அறிஞர் வழக்கு ஒருவாறு தீர்ந்தது.

யாக்கோபு காட்டும் எடுத்துக்காட்டு மட்டும் என்னை விடுவதில்லை. உடையும் உணவும் இல்லாதவருக்கு ஒன்றும் கொடாமல், போய்க் குளிர்காயுங்கள், பசியாறுங்கள் என்று வாயால் வாழ்த்தி அனுப்புகிறான் ஒருவன். இதனைப் படிக்குந்தோறும் மீரியபெத்தை என் கண்முன் நிற்கிறது.

2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்து லயன்களை மலை சரிந்து மூடியது. சரியுமென்பது அறியாத செய்தியன்று. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இடம்பெயருங்கள் என்று சொல்லியாயிற்று. எங்கே பெயர்வது? லயன் தோட்டத்துக்குரியது, தொழிலாளிக்கு வேறு காணி ஏது? போங்கள் என்ற வாய்க்கு, போய்க் குடியிருக்க ஒரு துண்டு நிலம் கொடுக்கும் கை இல்லாமற்போயிற்று. ஆபத்து உண்டென்று நம்பினார்கள், ஐயமில்லை. அந்த நம்பிக்கை ஏட்டிலே இருந்தது, சனங்கள் மலையடியிலே இருந்தார்கள்.

தப்பியவர்களுக்குக் கொஸ்லந்த ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயமும் பூனாகலைத் தமிழ் வித்தியாலயமும் வீடாயின. (பள்ளிக்கூடம் என்ற பெயர்க்கு இதனினும் பெருமை வேண்டுமோ?) 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அவ்வீடுகள் 2011இலேயே எழுந்திருக்கலாகாதா என்று நினைக்கும்போது நெஞ்சு வேகிறது.

இவ்வளவும் மாணவருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு, "உடலே கிடைக்காதவர்களுக்கு நாங்கள் செய்ததும் கிரியைதானே, ஐயா?" என்றார்.

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.