நான்கு தந்திகள் – 9: வலது கைக்கு வளைவு, இடது கைக்கு நெளிவு

ஸ்டாஃப் தாளில் ஸ்வரத்தோடு வரும் குறிகளில் பெரும்பாலானவை வயலின்காரரின் வலது கைக்கான கட்டளைகள். வளைவுக்குள் அடங்கியவை ஒரே வில்லில். புள்ளி என்றால் நறுக்கு. சிறு கோடு என்றால் முழு நீளமும் ஊன்றி. போன வாரம் பார்த்தது இவ்வளவுதான். இந்த வாரம் இளையராஜாவின் வயலின் வரிசைகளுக்குப் போவதாக இருந்தது. எட்டயபுரம் குறுக்கே வந்துவிட்டது.

1904இல் அங்கே தெலுங்கில் அச்சானது சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’. அதில் கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி. ஜாருவுக்குச் சாய்ந்த கோடு. ஏறும் ஜாருவுக்கு ஒரு பக்கம், இறங்கும் ஜாருவுக்கு மறுபக்கம். பக்கம் பக்கமாக இப்படியே! தியாகராஜர் கிருதிகளை ஸ்டாஃப் முறையில் எழுதி 1893இல் நூலாக வெளியிடத் தொடங்கிய சின்னசாமி முதலியார், இந்த நூலை எழுதும்படி சுப்பராம தீட்சிதரை விடாமல் தூண்டியவர்களில் முக்கியமானவர்.

சுப்பராம தீட்சிதரின் தாத்தா பாலுசாமி தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். அப்படி வயலின் குடியேறிய வீட்டிலிருந்து வந்த நூல், வில்லுக்கென்று தனிக் குறி எதுவும் தரவில்லை. அதன் கமகக் குறிகள் வீணையின் மெட்டுகளில் பிறந்தவை. அத்தனையும் இடது கை விரல்களுக்கு உரியவை.

ஆக, மேலைக் குறிகள் பெரும்பாலும் வலது கையோடு பேசுகின்றன, சுப்பராம தீட்சிதரின் குறிகள் இடது கையோடு. வயலினுக்கோ இரண்டும் வேண்டும். தோடியின் காந்தாரத்தை ஸ்டாஃபில் பொடி ஸ்வரங்களாக உடைத்து எழுதி, மேலே வளைவு போடாமல் விட்டால், அந்த ராகம் கேட்டறியாதவர் ஒவ்வொன்றுக்கும் வில்லைத் திருப்புவார். அசைவு துண்டு துண்டாகும். வளைவுக்குக் கீழே புள்ளிகளும் வைத்துவிட்டால் ஒரே வில்லில் விட்டு விட்டு ஒலிக்கும். அதுவும் தோடி ஆகாது. ஜாருவின் நடுவே வில் திரும்பினாலும் இழைவு அறுந்துபோகும்.

பொல்பிட்டியவிலோ ஹட்டனிலோ வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் பழகும் பிள்ளையின் கொப்பியில் பெரும்பாலும் இருப்பது ஸ்வரமும் சாகித்தியமும் தாளக் கோடும்தான். வில் எங்கே திரும்ப வேண்டும் என்பது டீச்சரின் கையைப் பார்த்து வருகிறது. அடுத்த வகுப்புவரை தனியே சாதகம் பண்ணும் பிள்ளைக்குக் கொப்பியில் பென்சிலால் போட்ட ஒரு வளைவு பெரிய துணை.

சரளி வரிசையிலிருந்தே அதைத் தொடங்கலாம். வயலின் குழுவுக்குக் கிருதி எழுதுகிறவர்களும் முதலில் வளைவுகளைப் போட்டு முடியுங்கள். புள்ளியைக் கடைசியில் வையுங்கள். இளையராஜா அடுத்த வாரம்.