அச்சடித்த விலையும் வாங்கிய விலையும்

களியக்காவிளையைத் தாண்டினால் சினிமாவின் கடிகாரம் மாறிவிடுகிறது. 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். கேரளத்தில் விடியற்காலை நாலு மணிக்கே படம் ஓடத் தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் 14இல் வந்த 'கூலி'க்கும் இங்கே ஒன்பது மணி, அங்கே அதிகாலை. குமரி மாவட்டத்துப் பையன்கள் ராத்திரியே பைக்கை எடுத்துக்கொண்டு பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று கிளம்பியதில் வியப்பில்லை. நமக்கு அது அடுத்த ஊர்தானே.

ஆனால் அந்த எல்லையில் இன்னொன்றும் மாறுகிறது. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது; கேரளத்தில் அப்படி ஒன்று கிடையாது. அங்கே முதல் நாள் சாய்வு இருக்கைக்கு என்ன விலை போட்டாலும் அது தியேட்டர்காரரின் விருப்பம். இங்கே அந்த விருப்பத்துக்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. அந்தக் கடிவாளம் இருப்பது நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப்பேரும் கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

'தியேட்டருக்குப் போனா ஆயிரம் ரூவா, வீட்டுல ஓடிடியில பார்த்தா இருநூறு' என்ற கணக்கு இப்போது எல்லா வீட்டிலும் ஓடுகிறது. கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் அந்த ஆயிரத்தில் எவ்வளவு சட்டப்படி கொடுக்க வேண்டியது, எவ்வளவு நாம் கேட்காததால் போனது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஓடிடியின் இருநூறும் அப்படித்தான். மாதாமாதம் சத்தமில்லாமல் போகிறது என்பதுதான் வேறுபாடு.

முதலில் டிக்கெட். 2017 அக்டோபரில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி மல்டிபிளக்ஸ் டிக்கெட்டின் அதிகபட்ச அடிப்படை விலை 150 ரூபாய். மற்ற ஏசி தியேட்டர்களுக்கு 100 ரூபாய். இதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் ஜிஎஸ்டியும் ஏறும். தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதமாக இருந்த கேளிக்கை வரி 2025இல் 4 ஆகக் குறைக்கப்பட்டது. ஜிஎஸ்டியோ 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம். 100 வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 ஆகிவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 150 ரூபாய்த் தமிழ்ப்பட டிக்கெட் எல்லா வரியோடும் 185 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நாலு பேர் போனால் எழுநூற்றுச் சொச்சம். சாதாரண ஏசி தியேட்டர் என்றால் இன்னும் குறைவு.

பெரிய நடிகரின் படம் வந்த முதல் வாரத்தில் கவுன்டரில் நடப்பது வேறு.

"டிக்கெட் எவ்வளவு அண்ணாச்சி?"

"இருநூறு."

"இதுல நூறுன்னுல்லா போட்டிருக்கு?"

"வேணும்னா எடும், இல்லேன்னா ஒதுங்கும். பின்னால ஆளு நிக்கி."

இதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தத் துண்டுச் சீட்டை உள்ளே போகும்போது கிழித்துப் பாதியை வாங்கிவிடுவார்கள். மீதிப் பாதி சட்டைப் பையில் கசங்கி, அடுத்த சலவையில் கரைந்துபோகும். நம்மிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆகவே கவுன்டரில் சண்டை போடுவதைவிட இரண்டு காரியம் செய்வது மேல். பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், யாருக்கு, எத்தனை மணிக்கு என்பது உங்கள் கைபேசியிலேயே பதிந்துவிடும். டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த விலையும் வாங்கிய விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புகாருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 'யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று முதல் வாரத்தில் மட்டும் பலகை வைத்தால், ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

புகாரை எங்கே கொடுப்பது? 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டருக்கு உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். கொடுத்தவருக்கே கேள்வி கேட்கவும் அதிகாரம் உண்டு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். பட்டா, பென்ஷன் மனுக்களோடு சினிமா டிக்கெட்டுக்கு மனுவா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். முதல்வரின் உதவி எண் 1100இலும் பதிவு செய்யலாம்.

தியேட்டர்காரர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் வைத்த விலையை வைத்துக்கொண்டு இன்றைய மின்கட்டணத்தையும் கூலியையும் கொடுப்பது கஷ்டம், உச்சவரம்பை உயர்த்துங்கள் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். முதல் வார வசூலில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்கே போய்விடுகிறது என்பதும் உண்மை. கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம். அதை அரசிடம் கேட்க வேண்டும். ரசீது இல்லாமல் நம்மிடம் வசூலித்துக்கொள்வது பதில் ஆகாது.

டிக்கெட்டைவிடப் பெரிய ஓட்டை இடைவேளையில் இருக்கிறது. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரத் தடை போடத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று சொல்லிவிட்டது. அதே வழக்கில் இரண்டு விஷயங்கள் பார்வையாளர் பக்கமும் நிற்கின்றன. சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தைக்கு வேண்டிய உணவை அளவாகக் கொண்டுபோகத் தடை சொல்லக் கூடாது. பால் புட்டியையும் கஞ்சி டப்பாவையும் வாசலில் வாங்கி வைத்தால், உங்கள் பக்கம் உச்ச நீதிமன்றமே இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். தண்ணீர் எங்கே என்று கேட்டால் கேன்டீனைக் காட்டக் கூடாது. குழாயைக் காட்ட வேண்டும்.

தட்டில் போட்டுத் தரும் பாப்கார்னுக்கு விலைக் கட்டுப்பாடு இல்லை. 300 ரூபாய் என்று எழுதி வைத்தால் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எவ்வளவு என்று பாருங்கள். தியேட்டரில் தனியாக விற்கும் உணவுக்கு 5 சதவீதம்தான் என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2023 ஜூலையில் தெளிவாக்கியது. டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டிய 'காம்போ'வுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. டிக்கெட்டின் வரியே அதற்கும் வரும். தனியாக வாங்குவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டில், பாக்கெட் சமாச்சாரம் வேறு. எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்ட எடையளவு விதிகளை மீறுவது. ஒரே பொருளுக்குக் கடைக்கு ஒரு எம்ஆர்பி, தியேட்டருக்கு ஒரு எம்ஆர்பி என்று அச்சடிப்பதும் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. காலி பாட்டிலைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாக ஒரு சேவைக் கட்டணம் விழும். இதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிர அரசு அதற்குப் போட்டிருந்த தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. கூட்டமில்லாத இரண்டாம் வாரத்தில் கவுன்டரில் போய் எடுப்பதுதான் பரிகாரம். ஆனால் நீங்கள் கேட்காமலே நன்கொடையோ காப்பீடோ டிக் செய்யப்பட்டு மொத்தத்தில் சேர்ந்து வந்தால், அது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. பணம் கட்டும் திரையில் விரலை அழுத்துமுன் ஒரு நொடி நின்று மொத்தத்தைப் படிக்க வேண்டும்.

'கூலி'யைப் பிள்ளைகளோடு பார்க்கக் குடும்பமாகப் போனவர்களுக்கு இன்னொரு பாடம். அது 'ஏ' சான்றிதழ் படம். 18 வயதுக்குக் குறைந்தவரை உள்ளே விடக் கூடாது. அப்பா அம்மா கூட இருந்தாலும் விதி அதேதான், தியேட்டர்காரரைத் திட்டிப் பயனில்லை. முன்பதிவுப் பக்கத்தில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்து இருக்கும். யுஏ சான்றிதழும் இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோர் தீர்மானிப்பதற்கான குறிப்பு.

விளம்பரத் தொல்லைக்கு வழக்குப் போட்டவரும் உண்டு. 25 நிமிடம் விளம்பரம் போட்டு நேரத்தை வீணாக்கியதாக ஒருவர் தொடுத்த வழக்கில், பெங்களூரு நுகர்வோர் ஆணையம் 2025 பிப்ரவரியில் பிவிஆர் ஐநாக்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் சுற்றியது.

இனி வீட்டுத் திரை. 'கூலி' சரியாக நாலு வாரத்தில், செப்டம்பர் 11 அன்று பிரைம் வீடியோவுக்கு வந்துவிட்டது. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' பதினாறே நாளில் வந்தது. காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்குக் கணக்கு எளிது: நெட்ஃப்ளிக்ஸ் மொபைல் திட்டம் மாதம் 149, அடிப்படைத் திட்டம் 199, பிரைம் ஆண்டுக்கு 1,499. குடும்பம் இரண்டு தடவை தியேட்டருக்குப் போகும் டிக்கெட் காசில் கிட்டத்தட்ட ஒரு வருடப் பிரைம் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு படத்துக்காகச் சேர்கிறோம், விலக மறந்துவிடுகிறோம். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். நிற்காது. நீங்கள் கொடுத்த ஒப்புதல் வங்கியிலோ யுபிஐயிலோ உயிரோடு இருக்கும். கூகுள் பே, போன்பே எதுவானாலும் உள்ளே 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி உண்டு. அதைத் திறந்தால் மறந்துபோன பழைய ஒப்புதல்கள் வரிசையாக நிற்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு தடவை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பெரும்பாலும் வருகிறது, ஆங்கிலக் குறுஞ்செய்தியாக. அப்பாவின் கைபேசியில் அதைப் படிக்காமலே நகர்த்தி விட்டுவிடுகிறோம். ரத்து செய்த பிறகும் பணம் போனால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் இலவசமாக முறையிடலாம். வழிகாட்ட 14448 என்ற எண் இருக்கிறது.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன் கணக்கில் இங்கே தம்பி பார்க்கும் ஏற்பாடு முன்புபோல் நடக்காது. நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலை முதல் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று இந்தியாவிலும் கறாராக்கிவிட்டது. ரீசார்ஜோடு 'இலவசமாக' வரும் ஓடிடி, பல திட்டங்களில் கைபேசித் திரையில் மட்டுமே ஓடும். பிரைமில் 2025 ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னும் 699 ரூபாய். வாடகைக்கு எடுக்கும் படத்தைத் தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

இரண்டும் வேண்டாம், டெலிகிராமில் இறக்கிக்கொள்கிறேன் என்பவருக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' படத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்த இளைஞரைக் கேரள சைபர் போலீசார் பிடித்தார்கள். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் இப்படிப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். பார்க்கிறவருக்கு ஆபத்து வேறு வழியில் வரும். புதுப்படம் என்று அனுப்பப்படும் கோப்பு '.ஏபிகே' என்று முடிந்தால் அது படமல்ல, உங்கள் குறுஞ்செய்திகளையும் ஓடிபியையும் படிக்க வந்த செயலி. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

மற்ற எல்லாக் குறைக்கும் தொடக்கம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அங்கே சமரசம் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், படம் பார்த்தது திருவனந்தபுரத்தில் ஆனாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தக்கலைக்காரர் நாகர்கோவிலுக்குப் போனால் போதும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யவும் முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவோடு டிக்கெட்டின் படம், யுபிஐ ரசீது, நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல் இவை மூன்றும் இருக்கட்டும்.